வேலை செய்யாத இரும்பு

புதுக்கோட்டை மாவட்டத் திருவரங்குளத்தில் நான் தொழில் பழகும் கொல்லுப்பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது மண்வெட்டி, களைக்கொத்து, கதிர் அரிவாள், தேங்காய் வெட்ட ஒரு வெட்டரிவாள், மழுங்கிப்போன கடப்பாரைக்கு முனை. மழைக்கு முந்தின வாரங்களில் விடிந்ததும் விடியாததுமாக சைக்கிளும் டிவிஎஸ் எக்செல்லும் வாசலில் நிற்கும். கூர் தீட்டிய வாள் வேண்டும் என்று யாரும் வருவதில்லை. வந்தாலும் அடித்துக் கொடுக்க முடியாது. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ என்று செய்யப்படாமல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமாக இருக்கும் கூரிய அலகு எதுவும் ஆயுதச் சட்டத்தின் கணக்கில் போய் விழும்.

ஆனால் நான் பட்டறைக்குள் காலடி வைத்ததே வாளுக்காகத்தான். கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில் நடுகல் படங்கள் மேல் ஒரு பித்து இருந்தது. பல்லவர் காலத்து வீரன் இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளுமாக, உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்பான். அந்த வாள் எவ்வளவு கனம் இருந்திருக்கும், அதற்கு இரும்பு எங்கிருந்து வந்திருக்கும், அந்த ஊரில் எத்தனை பேர் வீட்டில் வாள் தொங்கியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். புத்தகத்தில் பதில் தேடுவதைவிட உலைக்குப் பக்கத்தில் உட்காருவது மேல் என்று ஒருநாள் தோன்றியது.

“வரலாறு படிச்ச புள்ளைக்கு நெருப்புல என்ன வேலை தம்பி?” என்றார் ஆசாரி.

“வாள் எப்படிச் செய்வாங்கன்னு தெரிஞ்சுக்கணும் ஐயா.”

“மொதல்ல கரி எப்படிப் போடுவாங்கன்னு தெரிஞ்சுக்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. சீமைக்கருவேலங்கரி மூட்டையாக வரும். கொட்டிச் சலித்துத் தூளை ஒதுக்க வேண்டும். தூள் போனால் காற்றை அடைக்கும். பெருங்கட்டி போட்டால் இடுக்கு வழியாகக் காற்று வீணாகும். நெல்லிக்காய் அளவுக் கரிதான் கணக்கு. அந்தக் காலத் தோல்துருத்தி மூலையில் சுருண்டு கிடக்கிறது. இப்போது மோட்டார் ஊதுலை. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வீட்டு ஃபேனில் இருக்கிற ரெகுலேட்டரையே மாட்டியிருக்கிறார்கள். கரி போடுவதும் ரெகுலேட்டரைத் திருகுவதுமாகவே நெடுநாள் போயிற்று. சுத்தியலைத் தொட விடவில்லை.

பட்டறைக்குள் வெயில் விழக்கூடாது. கூரையைத் தாழ்வாகப் போட்டு, கிழக்குப் பக்கம் பழைய சாக்கைத் தொங்கவிட்டிருப்பது அதற்குத்தான். இரும்பின் சூட்டை அதன் நிறத்தை வைத்துத்தான் அறிய முடியும். வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும். மங்கலான சிவப்பில் அடித்தால் பட்டை விரியும், உள்ளுக்குள் கீறல் விடும். ஆரஞ்சில் அடிக்கலாம். வெள்ளையாகிப் பொறி பறந்தால் எஃகு எரிகிறது என்று பொருள். அதைத் தூக்கிப் பழைய இரும்பில் போட்டுவிட வேண்டியதுதான். இதை யாரும் எழுதிவைத்துச் சொல்லித்தரவில்லை. “இப்ப எடு” என்பார் ஐயா. எடுப்பேன். சில சமயம் நான் எடுக்கப் போகும்போது “இரு” என்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் நிறத்தில் என்ன மாறியது என்று கண்ணால் பிடிப்பதுதான் பாடம்.

சம்மட்டி அடிப்பது ஐயாவின் மருமகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஐயா குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு சிறுசுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். அவர் தட்டிய இடத்தில் அக்காவின் சம்மட்டி இறங்கும். சுத்தியல் இரும்பை விட்டுப் பட்டடையின் விளிம்பில் கிணுங்கினால் நிறுத்த வேண்டும். இருவரும் வேலை நேரத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அரிவாள் லாரி ஸ்பிரிங் பட்டையில் பிறக்கிறது. பழைய பட்டையைக் கிலோ கணக்கில் வாங்கி, காய்ச்சி, உளி வைத்துத் துண்டாக்கி, நீட்டி, வளைத்து, காம்பு இறக்கி, வாயை மெலிதாக்கி, அரம் போட்டு, கடைசியில் தோய்ச்சல். அரிவாளை முழுசாகத் தண்ணீரில் முக்குவதில்லை. வாயோரம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு முக்கி எடுத்து, மணலில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, அதன் பின்னால் ஊதா, நீலம். மஞ்சள் வாயைத் தொட்டதும் சட்டென்று மறுபடி முக்கினால் வாய் கெட்டி, முதுகு இளக்கம். கெட்டி வாய் கருவேல முள்ளை வெட்டும். இளகிய முதுகு அடி தாங்கும். நீலம் வரை விட்டால் வாய் மடங்கும்.

இத்தனையும் கை பழகிய பிறகுதான் வாள் வந்தது. பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் அம்மன் கையில் வைக்கும் வாள் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. புதிதாக ஒன்று வேண்டும், வாய் தீட்ட வேண்டாம், திருவிழாவுக்குள் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். கூலி பேசும்போது ஐயா சொன்ன தொகையைக் கேட்டு ஒருவர், “வாய் இல்லாத வாளுக்கா இவ்வளவு?” என்றார். ஐயா பதில் சொல்லவில்லை. ஐயா கேட்ட தொகை எவ்வளவு குறைவு என்பது வேலை முடிகிறபோது எனக்கு விளங்கியது.

அரிவாள் சாண் நீளம், கொஞ்சம் கூட. உலையில் ஒரே சூட்டில் முக்கால்வாசி சிவந்துவிடும். வாள் முக்கால் மீட்டருக்கும் மேல். எங்கள் உலை ஒரு சாண் இரும்பைத்தான் ஒழுங்காகச் சூடாக்கும். ஆகையால் துண்டு துண்டாகக் காய்ச்சி அடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை நேராக்கினால் ஏற்கெனவே நேராக்கிய பக்கம் கோணும். அகலமும் கனமும் அடியிலிருந்து நுனி வரை சீராகப் போக வேண்டும். நடுவில் ஒரு தண்டு ஓட வேண்டும். அந்தத் தண்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கையில் பிடித்ததும் வாள் ஒரு பக்கம் புரளும். நான் கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்றேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அடியிலிருந்து நுனிக்கு ஓட்டி, மூன்று இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். அந்த மூன்று இடமும் மேடு.

தோய்ச்சல் அதைவிடப் பெரிய பாடு. முழு நீளமும் ஒரே நிறத்தில் சிவக்க வேண்டும். செங்கல் அடுக்கி உலையை நீட்டினோம். நீளமான இரும்புக் குழாயில் வரிசையாகத் துளை போட்டு ஊதுலையில் மாட்டினோம். ஒரு வாரத்து அரிவாள் வேலைக்கு ஆகும் கரி ஒரே மாலையில் போயிற்று. எண்ணெய்த் தொட்டியில் செங்குத்தாக இறக்கி எடுத்தபோது வாள் இடப்பக்கம் வில்லாக வளைந்திருந்தது. வளையும் என்று ஐயாவுக்கு முன்பே தெரியும். சூடு ஆறுவதற்குள் இரண்டு கட்டைக்கு நடுவில் கொடுத்து நிமிர்த்தினார்.

“வாய் இல்லாத வாளுக்கு எதுக்கு ஐயா தோய்ச்சல்?” என்று கேட்டேன்.

“சாமி கையில இருந்தாலும் வாள் வாளாத்தான் இருக்கணும்.”

முடிந்த வாளைத் தராசில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு கிலோ. அதே இரும்பில் இரண்டு நல்ல வெட்டரிவாள் வரும். கரியையும் இரண்டு பேர் உழைப்பையும் சேர்த்தால் பத்து அரிவாளுக்கு மேல் கணக்குப் போகும். இவ்வளவும் தின்றுவிட்டு இந்த வாள் என்ன செய்யும்? நெல் அறுக்காது, தேங்காய் வெட்டாது, வேலி கழிக்காது. வேலுக்கு ஒரு கைப்பிடியளவு இரும்பு போதும், மிச்சம் மூங்கில். அம்புக்கு விரல் நுனி அளவு போதும். கோடாரி போருக்குப் போகாத நாளில் விறகு பிளக்கும். மனிதனை வெட்டுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத இரும்பு வாள் ஒன்றுதான். வேலை செய்யாத இரும்பைச் சும்மா தொங்கவிட முடிகிற வீடுதான் பெரிய வீடு. நான் இந்தப் பட்டறையில் கற்றுக்கொண்டதில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இப்போதாவது லாரிப் பட்டை கடையில் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இரும்பே மண்ணிலிருந்து வர வேண்டும். அதைப் பார்க்க நான் தூரம் போகவில்லை. எங்கள் திருவரங்குளம் ஒன்றியத்திலேயே, வேப்பங்குடி ஊராட்சியில் பொற்பனைக்கோட்டை இருக்கிறது. சங்க காலத்து மண்கோட்டை, சுற்றிலும் அகழி. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இலிருந்து மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தன. ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த தமிழி எழுத்து நடுகல்லும் அந்த மண்ணில் கிடைத்ததுதான். அங்குள்ள செம்புராங்கல் பாறையில் இரும்பு உருக்கிய குழிகள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் இரும்புக்கிட்டம் கறுப்புக் கறுப்பாகக் கிடக்கும்.

ஒரு கிட்டத்தை ஐயாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். “இதுல இன்னும் பாதி இரும்பு இருக்குது. அவனுக்கு அவ்வளவுதான் வந்திருக்கு” என்றார். சரிதான். பழைய உலையில் கல்லில் இருக்கும் இரும்பில் பெரும்பங்கு கிட்டத்தோடு போய்விடும். மிஞ்சுவது கடற்பஞ்சு மாதிரி ஓட்டையும் அழுக்குமாக ஒரு கட்டி. அதை மறுபடி மறுபடி காய்ச்சி அடித்து அழுக்கைப் பிழிந்தால்தான் பட்டறைக்கு ஆகும் இரும்பு. அப்படி வந்த இரும்பும் இளகிய இரும்பு, தோய்ச்சல் ஏறாது. வாள் கூர் நிற்க வேண்டுமானால் எஃகு வேண்டும்.

தமிழ்நாட்டு எஃகின் பெருமையைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறார்கள். செய்முறையைச் சொல்பவர்கள் குறைவு. உமி கலந்த களிமண்ணில் ஒரு கைக்குள் அடங்கும் மூசை. அதற்குள் இரும்புத் துண்டு, ஆவாரங்குச்சி, மேலே பச்சிலை. வாயைக் களிமண்ணால் பூசி, பல மூசைகளை ஒன்றாக அடுக்கி, மணிக்கணக்கில் ஊத வேண்டும். குச்சியின் கரி இரும்புக்குள் ஏறி அது உருகி, மூசையின் அடியில் முட்டைபோல் உறையும். நொய்யல் கரைக் கொடுமணலிலும் மேல்சிறுவள்ளூரிலும் இந்த வேலையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு மூசையில் வருவது சின்னக் கட்டிதான். அதைச் சரியான சூட்டில் அடிக்காவிட்டால் பட்டடை மேலேயே உடைந்து சிதறும். இதில் வாள் அடிக்கக் கற்றவன் எத்தனை மூட்டைக் கரியை வீணாக்கியிருப்பான் என்பதை எங்கள் பட்டறைக் கணக்கை வைத்து யோசித்தால் தலை சுற்றுகிறது.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அறிஞர் அல்-கிந்தி, கலீபாவுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எந்த ஊர் எஃகு, எப்படிப்பட்ட அலகு என்று தரம் பிரிக்கும் அந்த நூலில் இந்திய வாளும் இலங்கையின் சரந்தீப் எஃகும் இடம்பெறுகின்றன. இலங்கையில் சமனலவெவ மலைச்சரிவுகளில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய உலைகளை ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் கண்டறிந்து 1996இல் உலகுக்குச் சொன்னார். அவை துருத்தி இல்லாத உலைகள். மேற்கே பார்த்த சரிவில் வரிசையாகக் கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றையே ஊதவிட்டிருக்கிறார்கள். இதை ஐயாவிடம் சொன்னபோது மோட்டாரை ஒரு பார்வை பார்த்தார். “கரண்டு பில்லு மிச்சம்.”

வாளின் விலையை எழுதிவைத்த ஊரும் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த ரிபுவேரிய ஃபிராங்குகளின் சட்டத் தொகுப்பில், தண்டத் தொகையைக் காசாகக் கட்ட முடியாதவன் பொருளாகக் கட்டலாம் என்று ஒரு விலைப்பட்டியல் வருகிறது. காளை மாடு 2 பொற்காசு. ஈட்டியும் கேடயமும் சேர்த்து 2. உறையில்லாத வாள் 3. உறையோடு வாள் 7. இதையும் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாள் ஒரு மாட்டைவிட விலை கூடியதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. கடைசி வரியில்தான் கோபம் வந்தது. “உறைக்கு மட்டும் நாலா? அப்ப கொல்லனைவிடத் தச்சனும் தோல்காரனும்ல பொழைச்சிருக்கான்!”

அவர் கோபத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. அலகு உறைக்குள் மறைந்தே இருக்கும். சபையில் உட்கார்ந்திருக்கும்போது நாலு பேர் பார்ப்பது உறையையும் பிடியையும்தான். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் தோண்டிய 7ஆம் நூற்றாண்டுக் கப்பல் கல்லறையில் கிடைத்த வாளின் பிடி பொன்னும் செம்மணியும் இழைத்தது. அலகோ துருப்பிடித்து உறையோடு உறையாக ஒட்டிப்போயிருந்தது. இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒட்டவைத்துக் கொல்லன் போட்ட கோலம் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரியவந்தது. பொன் வேலை ஒரே பார்வையில் தெரிகிறது, கொல்லன் வேலைக்கு எக்ஸ்ரே வேண்டியிருக்கிறது. நம் பக்கம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதும் இரும்பு வாள்களோடு பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. வாளும் பொன்னும் ஒரே ஈமக்காட்டில் புதைந்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் ஐரோப்பாவின் கணக்கை அப்படியே தூக்கி வந்து தமிழ்நாட்டில் வைக்க முடியாது. செங்கம் பகுதி நடுகற்களைப் பாருங்கள். கல் எடுக்கப்பட்டவர்களில் பலர் மாடு மீட்கப் போய் இறந்த ஊர்க்காவல்காரர்கள். எடுத்தனூர்க் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற அவன் நாயும் நிற்கிறது. இவர்கள் கையிலும் வாளோ குறுவாளோ இருக்கிறது. அப்படியானால் வாள் இருந்தவன் எல்லாம் பிரபு என்று சொல்ல முடியாது. என் எண்ணம் இது. அந்தக் கல் வாள்களில் பல குட்டையானவை, அகலமானவை, எங்கள் உலையின் ஒரே சூட்டில் அடித்துவிடக்கூடிய அளவு. ஊர்க் கொல்லனே அடித்திருப்பான். நீண்ட வாள், நல்ல எஃகு, பூண் போட்ட பிடி என்று மேலே போகப் போகத்தான் ஆள் குறைந்திருப்பார்கள். வாள் இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு நீளம், யார் கொடுத்தது என்பதில் தரம் இருந்திருக்கும். ஐயா இதை ஒப்புக்கொள்ளவில்லை. கல் தச்சனுக்குக் கல்லில் இருந்த இடம் அவ்வளவுதான் என்கிறார். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

அரசனின் வாள் வேறு கதை. நல்ல நேரத்தில் அரசன் புறப்பட முடியாவிட்டால் அவன் குடையையும் வாளையும் முன்னதாக அனுப்பிவைப்பதைக் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்று புறத்திணை இலக்கணம் தனித்துறையாகவே வைத்திருக்கிறது. ஆள் இல்லாமல் வாள் மட்டும் போனாலும் அரசன் போனதாகக் கணக்கு. கீழ்மட்டத்தில், அந்த வாளுக்காகச் செத்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்த செய்தி புதுக்கோட்டைக் கல்வெட்டுகளில் உண்டு. பிற்காலத்தில், 13, 14ஆம் நூற்றாண்டுகளில், இதே சீமையில் படைவீரர் குடியிருப்புகளான படைப்பற்று ஊர்களில் இருந்த அரையர்கள் என்ற தலைவர்கள் பாடிகாவல் என்ற ஊர்க்காவல் உரிமையை விலைக்கு விற்று, அதைக் கோயில் சுவரில் வெட்டியும் வைத்தார்கள். ஆயுதம் ஏந்தும் கை பத்திரம் பதியும் கையாக மாறியதை அந்தக் கல்வெட்டுகளில் வரிக்கு வரி பார்க்கலாம்.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். மருதிருவர் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிவிப்பு விட்டார். 1878 ஆயுதச் சட்டம் வந்தபோது ராஜாக்களுக்கும் பட்டம் பெற்றவர்களுக்கும் விலக்கு, மற்ற இந்தியர்களில் பெரும்பாலோருக்கு உரிமம். வாள் யார் இடுப்பில் தொங்கலாம் என்பதை அரசாங்கம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது. அந்த வகையில் வாள் கடைசி வரை தரம் காட்டும் பொருளாகத்தான் இருந்தது. வாள் அடித்த கொல்லர்கள் மண்வெட்டிக்கு மாறினார்கள்.

2021 செப்டம்பருக்குப் பிறகு அரிவாளுக்கும் கணக்கு வந்துவிட்டது. தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுக்க நடத்திய ஆயுத வேட்டையை அடுத்து, வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதைப் பட்டறைகள் எழுதிவைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பட்டறையில் அந்த நோட்டை எழுதுவது என் வேலை. ‘தேங்காய் வெட்ட’, ‘தேங்காய் வெட்ட’, ‘வேலி வெட்ட’ என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அம்மன் வாளுக்கு மட்டும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் ஐயாவைக் கேட்டேன். “கோயில் காரியம்னு எழுது” என்றார்.

உங்களுக்கு ஒரு யோசனை. புதுக்கோட்டைப் பக்கம் வந்தால் திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1910இல் தொடங்கியது, பழைய ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. வாள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று பிடியின் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் குனிந்து, நடுத்தண்டு அடியிலிருந்து நுனி வரை கோணாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கோணாமல் ஓடினால் அது நல்ல கொல்லன் கை. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.